ஆஸ்டினோட அத்தையும் நம்ம கடலூரும்

அன்புள்ள அக்கா,

மாமா, பிள்ளைங்க எல்லாரும் சௌக்கியமா? போன்ல பேசுறப்ப அடுப்புல ஏதாவது வச்சிட்டு ஓடிடுற, அதான் இத உக்காந்து எழுதுறேன், பொறுமையா படி.

நீ பி.ஏ. படிக்கிறப்ப ராத்திரி பூரா ஜேன் ஆஸ்டின் நாவலா படிப்பியே, அவங்க 1801ல இருந்து 1806 வரைக்கும் குடியிருந்தது இங்கிலாந்துல நான் இப்ப இருக்குற இந்த பாத் ஊர்லதான். வருஷா வருஷம் செப்டம்பர்ல பத்து நாள் அவங்க பேர்ல விழா நடத்துறாங்க. மொத சனிக்கிழம ஊர்வலம், மார்புக்குக் கீழயே இடுப்பு வச்ச நீள கவுன், ரிப்பன் கட்டுன தொப்பி, கையுறைன்னு தெருவே இருநூறு வருஷம் பின்னாடி போயிடுச்சு. நெறய பேர் பழைய அளவு மாதிரி பாத்து தானே கையால தைச்சது அக்கா, ரிட்டயர் ஆன டீச்சருங்க, காலேஜ் பசங்க, வெளிநாட்டுல இருந்து இதுக்குன்னே வந்தவங்கன்னு எல்லாரும் இருந்தாங்க.

டான்ஸும் கத்துக் குடுக்குறாங்க. ரெண்டு வரிசையா எதிரெதிர நிக்கணும், ஒருத்தர் ஸ்டெப்ப சத்தமா சொல்லிக்கிட்டே இருப்பார், நாம போய் வந்து கை மாத்தி அடுத்த ஜோடிக்கு நகரணும். ஜோடி இல்லன்னாலும் கவல இல்ல, பொம்பளைங்களே சேந்து ஆடுறாங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது வாசிப்புக் கூட்டம்தான். ஆஸ்டினோட பெர்சுவேஷன் நாவல்ல கடைசில கேப்டன் வென்ட்வொர்த் கதாநாயகி ஆனுக்கு எழுதுற லெட்டர் இருக்குல்ல, அத ஒரு அம்மா சத்தமா படிச்சாங்க, அந்த லெட்டர் கதைல எழுதப்படுறதே இந்த ஊர்லதான். கூட்டத்துல பாதி பேர் கண்ண தொடைச்சிக்கிட்டாங்க, நானுந்தான். ஆஸ்டின் உயிரோட இருந்தவரைக்கும் ஒரு புக்லகூட அவங்க பேர் போடல, மொத நாவல் 1811ல வந்தப்ப 'ஒரு பெண்மணி எழுதியது'ன்னுதான் இருந்துச்சு. 1817ல செத்ததுக்கப்புறம்தான் அவங்க அண்ணன் ஊருக்குச் சொன்னார். இன்னிக்கு அந்தப் பேருக்காக இத்தன பேர் வர்றாங்கன்னு நெனச்சா மனசு நெறஞ்சு போகுது.

இப்ப முக்கியமான விஷயம். ஆஸ்டினுக்கு ஃபிலடெல்ஃபியான்னு ஒரு அத்தை, அப்பாவோட அக்கா. அப்பா அம்மா இல்லாத பொண்ணு, லண்டன்ல தொப்பிக் கடைல வேல கத்துக்கிட்டவங்க, 1752 ஜனவரில தனியா கப்பல் ஏறி ஆகஸ்ட்லதான் மெட்ராஸ் வந்து சேந்தாங்க. அடுத்த வருஷம் கல்யாணம் எங்க நடந்துச்சு தெரியுமா, நம்ம கடலூர்ல! மாப்பிள்ள ஹான்காக், கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர், நாம தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போறப்ப பாப்போமே செயின்ட் டேவிட் கோட்டை, அங்கதான் வேல. கப்பல்லயே ஏழு மாசம், வீட்டுக்கு ஒரு லெட்டர் போட்டா பதில் வர வருஷக்கணக்கு, அந்தப் பொண்ணு எப்படித்தான் தாங்குச்சோ. நான் இங்க வந்த புதுசுல அழுததெல்லாம் உனக்குத் தெரியும்ல, அதனால அவங்கள நெனச்சா நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரியே இருக்கு.

ஆஸ்டினோட நார்த்தேங்கர் அபே நாவல்ல ஹென்றி டில்னி தங்கச்சிக்கு வாங்குன மெல்லிசான பருத்தித் துணிய அசல் இந்திய மஸ்லின்னு பெருமையா சொல்வான், கெஜம் அஞ்சு ஷில்லிங்தானாம். அதனால அடுத்த வருஷ ஊர்வலத்துக்கு நான் நம்மூர் துணிலதான் கவுன் தைக்கப் போறேன். நல்ல மெல்லிசான வெள்ள காட்டன் ஆறு மீட்டர் பாத்து வாங்கி அனுப்பு, பாலியஸ்டர் கலப்பு வேணாம். பரண்ல இருக்குற உன் பழைய நாவலயெல்லாம் எறக்கி பெர்சுவேஷன மறுபடி படிக்க ஆரம்பி, ஞாயித்துக்கிழம போன்ல அதப் பத்தி மட்டுந்தான் பேசணும்.

அன்புடன்,
உன் தங்கச்சி