"வெளியேறினார்"னு ஒரு வரியில முடிச்சிராதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு, காரைக்குடியிலருந்து வணக்கம்.

நான் ஸ்கூல்ல பி.இ.டி. மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், பேப்பர் கைக்கு வந்தா விளையாட்டுப் பக்கத்துலருந்துதான் ஆரம்பிப்பேன். ஒலிம்பிக் வர்றப்பல்லாம் நம்ம தமிழ்ப் பேப்பர்ல துடுப்புப் படகுப் போட்டி பத்தி வர்றது ஒரு துண்டுச் செய்தி, அதுலயும் "ஏமாற்றம்", இல்லாட்டி "வெளியேறினார்". 2024 பாரிஸ்ல பல்ராஜ் பன்வார் 23-வது இடம்னு போட்டதோட சரி, ஆள் யாரு, எந்த ஊரு, எப்படி அங்க போய்ச் சேந்தாரு, ஒண்ணும் கிடையாது. கிரிக்கெட்டுல ஒருத்தருக்கு வெரல் சுளுக்குனா முக்கால் பக்கம். சரி, அது வியாபாரம், விடுங்க.

எனக்கு ஆதங்கம் துடுப்புப் படகு வீரர் தத்து போகனல் விஷயத்துல. மகாராஷ்டிராவுல நாசிக் மாவட்டத்துல தலேகாவ் ரோஹின்னு ஊரு, நம்ம சிவகங்கைப் பக்கம் போலவே வானம் பார்த்த பூமி, அப்பாவோட சேந்து கிணறு வெட்டப் போன பையன். இங்க கிணறு வெட்டுறத கிட்ட நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், கொஞ்சம் மண்ணு தோண்டுறதுக்குள்ள செம்புறாங்கல்லு வந்துரும், கடப்பாரையப் போட்டா ணங்குன்னு கையில திருப்பி அடிக்கும், கீழ ஒருத்தர் கூடையில அள்ளிப் போட்டா மேல நிக்கிறவங்க கயித்த இழுக்கணும், அந்த இழுப்பு முழுக்க காலும் இடுப்பும்தான், வெறுங்கையால இழுக்கிறவன் மத்தியானத்துக்குள்ள படுத்துருவான். துடுப்புப் படகும் அப்படித்தான். டிவியில பாக்க கையால வலிக்கிற மாதிரி இருக்கும், ஆனா ஷூ படகுலயே மாட்டியிருக்கும், சீட்டு சக்கரத்துல முன்ன பின்ன ஓடும், மொதல்ல கால உதைக்கணும், அப்புறம் முதுகு, கடைசியாத்தான் கை. அதுவும் போற திசைக்கு முதுகக் காட்டிக்கிட்டு 2000 மீட்டர்.

போகனலோட அப்பா செத்துப் போக, 2012-ல ராணுவத்துல சேந்தாரு. ஆறடிக்கு மேல உயரம், அதப் பாத்துட்டு அங்க இருந்த கோச் படகுல ஏத்திவிட்டாரு. தண்ணின்னாலே பயம்னு இருந்தவரு 2016-ல தென் கொரியாவுல நடந்த தகுதிப் போட்டியில ரெண்டாவதா வந்து ரியோவுக்குப் போனாரு, அந்த ஒலிம்பிக்ல துடுப்புப் படகுல இந்தியாவுலருந்து போனது அவர் ஒருத்தர்தான். அம்மா விபத்துல அடிபட்டு சுயநினைவு இல்லாம கிடந்த நேரம் அது.

ரியோவுல 13-வது இடம். அத எழுதுனவங்க அது என்னன்னு சொல்லவே இல்ல. மொத ஆறு இடத்துக்கு பைனல் ஏ-ல ஆறு பேர், அடுத்த ஆறு இடத்துக்கு பி-ல ஆறு பேர், அதுக்கடுத்த சி பைனல்ல மொத ஆளா வந்தவரு இவரு, நேரம் 6 நிமிஷம் 54.96 செகண்ட். ஒரு ரேஸ ஜெயிச்சு முடிச்ச ஆளு நம்ம பேப்பர்ல "ஏமாற்றம்" ஆயிட்டாரு!

2018 ஜகார்த்தா ஆசியப் போட்டி இன்னும் சுவாரசியம். தனியாள் பைனல்ல உடம்பு முடியாம கடைசியா வந்தாரு, மறுநாளே சவரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங்கோட நாலு பேர் படகுல உக்காந்து தங்கம். ஆனா அந்தத் தனியாள் ரேஸ்ல வலிக்கிறத பாதியில நிறுத்திட்டாருன்னு 2019-ல இந்தியத் துடுப்புப் படகு சம்மேளனம் ரெண்டு வருஷம் தடை போட்டுச்சு, 2020 ஆரம்பத்துல தடைய நீக்குனாங்க, அதே வருஷம் அர்ஜுனா விருதும் வந்துச்சு. தங்கம், தடை, விருது எல்லாம் ரெண்டு வருஷத்துக்குள்ள, இதுல எத்தனை வரி நம்ம பக்கம் வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

இத டீக்கடையில பேசுனா ஒடனே கேப்பாங்க, தண்ணி இல்லாத ஊருக்குப் படகு எதுக்குங்கன்னு. ஊருணியில படகு விடுங்கன்னு நான் சொல்லல, அதுல கோடையில கொஞ்சம் தண்ணி நின்னாலே கோடி புண்ணியம். ஆனா இந்தியாவுக்கு இந்த வெளையாட்டுல மொத ஆசியத் தங்கம், 2010 குவாங்சோவுல, வாங்குன பஜ்ரங் லால் தாக்கர் ராஜஸ்தான்காரர். 2021-ல டோக்கியோவுல அர்விந்த் சிங்கோட சேந்து 11-வது இடம் புடிச்ச அர்ஜுன் லால் ஜாட்டும் ராஜஸ்தான்தான். அங்க ஆறா ஓடுது? ஆளத் தேர்ந்தெடுக்க மொதல்ல தண்ணி வேணாம், நெட்டையான பிள்ளைய ரோயிங் மெஷின்ல, அதான் துடுப்பு வலிக்கிற மாதிரியே இழுக்குற ஜிம் மெஷின்ல, உக்கார வச்சு 2000 மீட்டர் இழுக்கச் சொன்னா நேரம் வந்துரும், அதுக்கப்புறம்தான் படகு. எங்க ஊர் ஜிம் ஒண்ணுல அந்த மெஷின் மூலையில கிடக்கு, அதுல ஈரத் துண்டு காயுது.

சென்னையில அடையாத்துல 1867-லருந்து படகு கிளப் இருக்கு, அங்க உள்ள பிள்ளைக்கு இந்த வெளையாட்டு கண்ணுல படும். கல்லல்லயும் திருப்பத்தூர்லயும் உள்ள பிள்ளைக்கு பேப்பர விட்டா வேற என்ன வழி?

இன்னொண்ணு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ்ல தூரத்த 1500 மீட்டராக் கொறைச்சிருக்காங்க, புதுசா கடற்கரைப் படகு ஓட்டமும் வருது, மணல்ல ஓடி வந்து படகுல ஏறி, மிதவைகள வளைஞ்சு வளைஞ்சு சுத்திட்டு 250 மீட்டர் போய்த் திரும்பி வந்து, மறுபடி மணல்ல ஓடணும். தேவகோட்டையத் தாண்டுனா தொண்டிக் கடல்தான், அங்க உள்ள மீனவர் வீட்டுப் பிள்ளைங்களுக்கு படகும் அலையும் யாரும் சொல்லித் தர வேணாம். இது ஒலிம்பிக்ல இருக்குங்கறதாவது அதுங்களுக்குத் தெரிய வேணாமா?

உங்க ஞாயித்துக்கிழமைப் பக்கத்துல ஒரு வாரம் போகனலப் பத்தி முழுசாப் போடுங்க, அந்த 13-வது இடம் எப்படி வந்துச்சுன்னு ஒரு படம் வரைஞ்சு போட்டீங்கன்னா அத வெட்டி நான் படிப்பிச்ச ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல நானே போய் ஒட்டுறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
காரைக்குடி