குதிரை லாயத்தில் பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

ஐயா,

புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பட்டப்படிப்பின் முடிவில் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் உண்டு. ஆனால் மாடு, ஆடு, நாய் கிடைக்கிற அளவுக்குக் குதிரை மாணவர்கள் கைக்குக் கிடைப்பதில்லை. குதிரைத் துறைக்குப் போக விரும்புகிறவர்களை ஒரு மாதமாவது லாயத்தில் விட வேண்டும்.

லாயத்தில் லத்தி (குதிரைச் சாணம்) அள்ளவிட்டே காலத்தை ஓட்டிவிடக் கூடாது. முதல் வாரமே தினமும் காலையில் நாடி பார்க்கட்டும். தாடை எலும்பின் அடியில் ஓடும் தமனியை விரலால் தொட்டு எண்ண வேண்டும். ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். முன்காலால் தரையைப் பிராண்டுவது, விலாவைத் திரும்பிப் பார்ப்பது, லத்தி போடாதது எல்லாம் வயிற்று வலியின் அறிகுறிகள். அத்துடன் நாடி 60ஐத் தாண்டினால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் தாமதித்தால் இரைப்பை கிழியும் ஆபத்து உண்டு. திடீரென்று கொள்ளுப் பயறையோ தவிட்டையோ கூட்டுவதாலும் இந்த வலி வரும். தீவன மாற்றத்தை 7 முதல் 10 நாட்களில் படிப்படியாகச் செய்யப் பழக்க வேண்டும்.

குளம்பைக் குதிகாலிலிருந்து நுனி நோக்கிச் சுரண்ட வேண்டும். கருப்பாக, நாற்றத்தோடு கசிந்தால் அழுகல். நம் ஐப்பசி, கார்த்திகை மழையில் லாயத் தரை ஈரமாகவே கிடப்பதால் இதைக் கட்டாயம் கற்றுத்தர வேண்டும்.

தலைக்கவசம், டெட்டனஸ் தடுப்பூசி, விபத்துக் காப்பீடு இல்லாமல் எந்த மாணவரையும் லாயத்துக்கு அனுப்பக் கூடாது.

இப்படிக்கு,
குதிரைப் பராமரிப்பாளர்கள்,
புதுச்சேரி