நாய்க்கு ஸ்டெம் செல் ஊசி வருமுன்: ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாணக் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களப் பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்புக் கல்லடியில் வயதான லாப்ரடோர் நாயொன்று வளர்க்கிறேன். இடுப்பு மூட்டுத் தேய்வு. காலையில் முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு நாலடி வைக்கும். அப்புறம்தான் நடை வரும். சீமெந்துத் தரையில் வழுக்கிவிட்டால் அன்று முழுக்க எழும்பாது.

நாய் வளர்ப்பவர்களிடையே இப்போது ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசிதான் பேச்சு. அது வெறும் புரளியல்ல. நாயின் கொழுப்பில் கொஞ்சம் எடுத்து, செல்களைப் பிரித்து மூட்டுக்குள் ஏற்றுகிறார்கள். 2007இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், எந்த நாய்க்குச் செல் ஊசி, எந்த நாய்க்கு வெறும் ஊசி போட்டது என்று தெரியாமலே சோதித்தபோதும் செல் ஏற்றியவற்றின் நொண்டல் குறைந்திருந்தது. சோதித்தவை மொத்தம் 21 நாய்கள்தான். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப முளைக்கும் என்று சிலர் சொல்வதை நம்பிக் காசைக் கொட்டிவிடக் கூடாது. அந்தச் செல்கள் பெரும்பாலும் அழற்சியைத் தணிக்கின்றன, அவ்வளவே. கொழுப்பெடுக்க மயக்க மருந்தும் கொடுக்க வேண்டும். கிழட்டு நாய்க்கு அதுவே ஒரு கண்டம்.

அதனால் ஊசியை நான் கேட்கவில்லை. நாய்க்குரிய வலி மருந்துகளான கார்ப்ரோஃபென், மெலோக்சிகாம் போன்றவை எல்லாக் கால்நடை வைத்தியர் அலுவலகங்களிலும் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வழிசெய்யுங்கள். கிடைக்காத வீட்டில் என்ன நடக்கிறது? பார்மசியில் இபுபுரோஃபென் வாங்கிச் சோற்றில் பிசைந்து வைக்கிறார்கள். நாய்க்கு அது வயிற்றுப்புண், சிறுநீரகப் பாதிப்பு.

பெரிய நாயை நிறுக்க ஒரு தராசும் வையுங்கள். எடை கூடினால் மூட்டுக்குத்தான் கேடு. ஓர் ஆய்வில், சாப்பாட்டைக் கால்பங்கு குறைத்து வளர்த்த லாப்ரடோர்கள், கூடப்பிறந்தவற்றைவிட ஏறத்தாழ 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவாதமும் பிந்தியே வந்தது. நம் வீடுகளிலோ மிச்சச் சோறும் கோழித்தோலும் போட்டுக் கொழுக்க வைப்பதுதான் பாசம்!

எக்ஸ்ரேக்கு என்னைப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். செங்கலடியில் ஏறினால் பதுளை, நுவரெலியா வளைவுகளெல்லாம் சுற்றித்தான் ஏ5 வீதி பேராதனைக்குப் போகிறது. இடுப்பு நொந்த நாயை அதில் ஏற்றுவது பாவம். மாதத்தில் ஒரு நாளாவது மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ நாய்களுக்கு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்யலாம்.

நாளைக்கு யாராவது இங்கே ஸ்டெம் செல் சிகிச்சை தொடங்கினால், செலவு எவ்வளவு, மயக்க மருந்தால் என்ன ஆபத்து, குணமாகாவிட்டால் அடுத்து என்ன என்பதைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே ஊசி போட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். அதை இப்போதே எழுதி வைப்பது நல்லது.

இப்படிக்கு,
கல்லடி வாசி ஒருவர்