நீ அனுப்பிய சீட்டு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ வாட்ஸ்அப்பில் பரிசோதனைச் சீட்டை அனுப்பி இன்றோடு பதினொரு நாள். படம் மட்டும் வந்தது, கூட ஒரு வரி இல்லை. நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. உனக்கு வேலை அதிகம் என்று அம்மா எனக்குச் சமாதானம் சொல்கிறாள். சொல்லிவிட்டு அவளே போனை எடுத்துப் பார்க்கிறாள்.

கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியின் எண் குறைவாக இருக்கிறது, பார்த்தேன். கோவிட் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் ஆகியும் இவ்வளவுதானா என்று உனக்குத் தோன்றியிருக்கும். அந்தச் சீட்டு ரத்தத்தில் மிதப்பதை மட்டும்தான் அளக்கிறது. கிருமியை எதிர்க்கும் டி செல்களையும், பார்த்த கிருமியை மறக்காத நினைவு செல்களையும் அது தொட்டுக்கூடப் பார்க்காது. 2003இல் கோவிட் போன்ற சார்ஸ் நோய் வந்து பிழைத்தவர்களிடம் பதினேழு ஆண்டுகள் கழித்தும் அந்தக் கிருமியை அடையாளம் காணும் டி செல்கள் இருந்தன. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமல் இருக்க நீ சாப்பிடும் மாத்திரைகள் அந்தச் செல்களையும் ஓரளவு அடக்கித்தான் வைக்கும், மறைக்கவில்லை. ஆனாலும் எண் குறைவு என்பதற்காக உள்ளே ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது.

பிரான்சில் மாற்று உறுப்பு பொருத்திய 101 பேருக்கு மூன்று டோஸ் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு டோஸுக்குப் பிறகு 40 சதவீதம் பேரிடம்தான் ஆன்டிபாடி தென்பட்டது. மூன்றாவதுக்கு நான்கு வாரம் கழித்து 68 சதவீதம். எல்லோரும் மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள். சாப்பிட்டு வந்தவர்கள் என்பதைக் கவனி.

படத்தின் ஓரத்தில் உன் மாத்திரை டப்பா பாதி தெரிந்தது. நீ அனுப்பியது வெள்ளிக்கிழமை. நான் பெரிதாக்கியெல்லாம் பார்க்கவில்லை. டப்பாவைப் பற்றி எதுவும் கேட்கப் போவதுமில்லை.

மூட்டுவாதக்காரர்கள் பூஸ்டர் போட்டதும் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை இரண்டு வாரம் நிறுத்தினார்கள், ஆன்டிபாடி இரட்டிப்பானது என்ற செய்தியை நீயும் படித்திருப்பாய். உண்மைதான். ஆனால் மருத்துவர்கள் சொல்லி, அவர்கள் கண்பார்வையில் நிறுத்தியது அது. நிறுத்தியதில் மூட்டு வீங்கினால் மறுபடி தொடங்கி அடக்கிக்கொள்ளலாம். உனக்குள் இருப்பது அம்மாவுடைய சிறுநீரகம். ஊசிக்கு விழித்துக்கொள்ள வேண்டிய அதே செல்கள்தாம் அதையும் அந்நியன் என்று பார்க்கும். இதற்கு மட்டும் எழுந்திரு, அதற்குத் தூங்கு என்று அவற்றிடம் சொல்ல முடியாது. டாக்டரைக் கேட்காமல் எதையும் கூட்டாதே, குறைக்காதே.

டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலையில் போய்ப் பரீட்சை எழுதியவள் நீ. கோப்பைத் தண்ணீரைக் கோடு போட்டு அளந்து குடித்தவள். அந்தப் பிடிவாதத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவன் நான். இப்போது அதே பிடிவாதத்தை நினைத்துத்தான் இரவில் விழித்துக் கிடக்கிறேன். எல்லாம் தானே படித்து, தானே முடிவெடுத்து, பிறகு வாயை மூடிக்கொள்வது யாரிடமிருந்து வந்த பழக்கம் என்று அம்மா கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

2022 ஜனவரியில் உன்னைப் பார்க்க வந்தேனே, அப்போது எனக்குத் தொண்டை கரகரப்பு இருந்தது. தூசி என்று சொன்னேன். இரண்டாவது டோஸ் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றாவதை நான்தான் தள்ளிப் போட்டேன். முதலில் எடுத்த பரிசோதனையில் என் எண் பெரிதாக வந்ததே, அதை நம்பி உட்கார்ந்திருந்தேன். அந்த எண் மாதத்துக்கு மாதம் இறங்கும் என்பதும், புதிதாக வந்த ஒமைக்ரான் வகைக் கிருமி அதைத் தாண்டி நுழையும் என்பதும் அப்போதே பேப்பரில் வந்துகொண்டுதான் இருந்தது. ஊசி என்னை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காத்தது. என்னிடமிருந்து உன்னைக் காக்கவில்லை. எனக்கு மூன்று நாள் தொண்டை வலி, உனக்குப் பதினாறு நாள் ஆஸ்பத்திரி.

திரும்பி வந்ததும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சோதித்தேன். இரண்டு கோடு. காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். அலுவலகத்தில் யாரிடமிருந்தோ தொற்றியது என்று நீ சொன்னபோது, இருக்கும் என்றேன். அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதத்தை அவளுக்குக் காட்டாமல்தான் தபாலில் போடுகிறேன்.

கோபம் வந்தால் போன் செய்து திட்டு. அதற்காகவாவது பேசுவாய் அல்லவா.

டப்பாவைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்றேன். புதன், வியாழன் இரண்டு அறையும் நிறைந்திருந்தன. விட்டது விட்டதாகவே இருக்கட்டும், சேர்த்து விழுங்கிவிடாதே. இதைப் படித்ததும் உன் டாக்டருக்குப் போன் செய், எத்தனை நாள் விட்டாய் என்பதை உள்ளபடி சொல். எனக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அப்பா