கோல் அடிக்கும் பிள்ளைகளை நடுவிலேயே ஆட விடுங்கள்

பெங்களூரு கால்பந்துக் கிளப்புகளின் நிர்வாகிகளுக்கும் இளையோர் அணிப் பயிற்சியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

2024ஆம் ஆண்டு முழுவதிலும் இந்திய ஆடவர் அணி ஒரு சர்வதேச ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. அந்த ஆண்டு ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துடன் ஆடி, 94 சர்வதேச கோல்களோடு ஓய்வு பெற்ற அணித்தலைவர் சுனில் சேத்ரியை, ஒன்பது மாதங்களில், அதுவும் 40 வயதில், திரும்ப அழைத்தார்கள். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுகளை 3-0 என வென்ற ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் அடித்தார். அவருடைய ரசிகனான எனக்கு அன்று மகிழ்ச்சியைவிடக் கவலையே மிகுந்திருந்தது. அவர் விட்டுச்சென்ற இடத்தில் நிற்க நாட்டில் வேறொருவர் இல்லையா என்ற கேள்விக்கான விடையில் உங்களுக்கும் பங்குண்டு என்று நம்புவதால் இதை எழுதுகிறேன்.

சேத்ரியின் கதை உங்களுக்குத் தெரியாததன்று. 2002இல் கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பில் தொடங்கியவர், 2005இல் பஞ்சாபின் ஜே.சி.டி. கிளப்புக்குச் சென்று தொடர்ந்து ஆடி வளர்ந்தார். 2010இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியும், 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் பி அணியும் அவரை எடுத்துக்கொண்டன. ஆனால் இரண்டிலும் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். 2013இல் பெங்களூரு எஃப்.சி.க்கு வந்து, வாராவாரம் முன்களத்தில் இறங்கிய பிறகே அவருடைய ஆட்டம் முழுமை பெற்றது. 2017-18 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் அதே அணியின் வெனிசுலா வீரர் மிக்கு நடுவில் நின்று 15 கோல்களும், சேத்ரி பெரும்பாலும் இடது ஓரத்திலிருந்து வந்து 14 கோல்களும் அடித்தார்கள். ஓரத்தில் நிறுத்தினாலும் அவர் கோல் அடித்தாரே என்று நீங்கள் கேட்கலாம். பத்தாண்டுகளுக்கு மேல் கோல்முகத்தில் பழகிய கால்கள் அவை. 17 வயதுப் பையனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் கௌதமபுரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் கோல் அடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில், இரண்டு பெனால்டிகளை வீணாக்கிய நம் அணி பிரான்சிடம் 2-1 எனத் தோற்ற ஆட்டத்தில், இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் நம் மைசூர் அணிக்காரர் சாரங்கபாணி ராமன். அந்த வழியில் வரும் பையன் இளையோர் அணிக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறான்? வேகமாக ஓடினால் களத்தின் ஓரத்துக்கு, அதாவது விங்குக்குத் தள்ளுகிறார்கள். உயரமாக இருந்தால் தடுப்பாட்டத்துக்கு இழுக்கிறார்கள் (உயரத்தைக் கண்டாலே பயிற்சியாளர்களுக்கு ஏனோ ஸ்டாப்பர் நினைவுதான் வருகிறது). இரண்டு மூன்று ஆட்டங்களில் கோல் வராவிட்டால் பெஞ்சுக்கு அனுப்புகிறார்கள். வெல்ல வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்குள் எப்போது நிற்பது, எப்போது நழுவுவது, தவறவிட்ட வாய்ப்பை மறந்து அடுத்த பந்துக்கு எப்படி ஓடுவது என்பதெல்லாம் ஆட்ட நேரத்தில் மட்டுமே படியும் பாடங்கள். பயிற்சியில் கூம்புகளுக்கிடையே எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் அவை வரமாட்டா.

ஆகவே, அடுத்த சீசனுக்கு வீரர்களைப் பதிவு செய்யும்போதே, 20 வயதுக்குட்பட்ட உள்ளூர் ஸ்டிரைக்கர் ஒருவரையாவது ஒவ்வொரு கிளப்பும் தேர்ந்தெடுத்து, சீசன் முழுவதும், கோல் வறண்ட வாரங்களிலும், அவரை நடு முன்களத்திலேயே இறக்க வேண்டுகிறேன். அவர் அடித்த கோல்களோடு, அவருக்குக் கிடைத்த வாய்ப்புகளையும் தவறவிட்டவற்றையும் எழுதிவைத்து, சீசன் முடிவில் அவர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
அல்சூர்த் தமிழ்க் கால்பந்து ரசிகன் ஒருவன்