25 குழந்தைகளுக்கான இல்லம்: பதிவுக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

நம் அறக்கட்டளை தொடங்கவிருக்கும் பெண் குழந்தைகள் இல்லத்தை, குழந்தைகளின் பராமரிப்பு, பாதுகாப்புக்கான இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 41-ஆம் பிரிவின்கீழ் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். விண்ணப்பிக்காமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு 30 நாளும் தனிக் குற்றம். தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டது பற்றிய வழக்கில் 2017 மே 5 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எல்லா இல்லங்களும் அவ்வாண்டு டிசம்பர் 31-க்குள் பதிவு செய்ய வேண்டும் என்றது. 'முதலில் பிள்ளைகளைச் சேர்ப்போம், காகிதம் அப்புறம்' என்பதற்கு இனி இடமில்லை. இருக்கவும் கூடாது.

ஆகவே செலவு முழுவதும் முன்கூட்டியே வருகிறது. ஒரு குழந்தைகூட இல்லாத கட்டடத்துக்கு ஏன் இவ்வளவு பணம் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

பெரும் பங்கு கட்டடத்துக்குப் போகிறது. அந்தச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள் 2016-இன் அளவுப்படி, 25 பேர் படுக்கும் கூடம் 1,000 சதுர அடி, அதாவது ஆளுக்கு 40. நமக்கு அது இருக்கிறது. இல்லாதது கழிவறை. 7 குழந்தைகளுக்கு ஒரு கழிவறை, 10 பேருக்கு ஒரு குளியலறை என்பது கணக்கு. அப்படியானால் 4 கழிவறை, 3 குளியலறை வேண்டும். கட்டடத்தில் இப்போது இருப்பது தலா ஒன்று. கழிவுநீர்த் தொட்டியும் ஒரு குடும்பத்துக்காகக் கட்டியது. அதை அப்படியே விட்டுக் கழிவறைகளை மட்டும் கூட்டினால் முதல் மழைக்கே பொங்கும். சுகாதாரச் சான்றும் கிடைக்காது. எனவே புதுத் தொட்டியோடு சேர்த்து 9,00,000 ரூபாய். மாடியிலிருந்து இறங்க இரண்டாவது படிக்கட்டு, வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள், தீயணைப்பான்கள் ஆகியவற்றுக்கு 4,50,000. கட்டில், மெத்தை, கொசுவலை, பூட்டுடன் கூடிய தனி அலமாரி என ஆளுக்கு 15,000 வீதம் 3,75,000.

அடுத்தது ஊழியர் சம்பளம். அன்னதானத்துக்குக் கேட்டால் உடனே வரும் பணம் சம்பளத்துக்குக் கேட்டால் வருவதில்லை; ஆனால் இல்லத்தின் தரம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. பெரிய இல்லங்களுக்கு மாதிரி விதிகள் 4 இல்லத்தாய்மாரைச் சொல்கின்றன. நம்மிடம் குழந்தைகள் குறைவு என்பதால் ஆளையும் பாதியாக்கினால் இரவுப் பணியும் வார விடுப்பும் சேர்ந்து ஒருவர் தலையில் விழும். சோர்ந்துபோன ஒருவர் தனியாக இருக்கும் இரவில்தான் தவறுகள் நடக்கின்றன. அதனால் 3 இல்லத்தாய்மார், கண்காணிப்பாளர், ஆற்றுப்படுத்துநர் (உளவியல் ஆலோசகர்), இரண்டு சமூகப் பணியாளர், சமையலர், உதவியாளர் என 9 பேர். பெண் குழந்தைகள் இல்லம் என்பதால் அனைவரும் பெண்களே. மாதம் 1,55,000 வீதம் ஆறு மாதத்துக்கு 9,30,000.

மொத்தம் 26,55,000 ரூபாய். கையிருப்பு 7,10,000. இன்னும் தேவைப்படுவது 19,45,000.

விண்ணப்பம் படிவம் 27-இல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகப் போகும். ஒரு மாதத்துக்குள் தற்காலிகப் பதிவு கிடைக்க வேண்டும்; அது அதிகபட்சம் ஆறு மாதம் செல்லும். அதற்குள் ஆய்வு முடிந்து, மாவட்ட ஆட்சியரின் பரிந்துரையோடு ஐந்தாண்டுப் பதிவுக்கு நகர வேண்டும். சிக்கல் வருவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்: அறக்கட்டளைப் பத்திரத்தின் நோக்கங்களில் குழந்தைப் பராமரிப்பு என்ற வரியே இருக்காது, வாடகை ஒப்பந்தம் அறக்கட்டளையின் பெயரில் இல்லாமல் நிர்வாகி ஒருவரின் சொந்தப் பெயரில் இருக்கும், ஊழியரின் காவல்துறைச் சரிபார்ப்பு வந்திருக்காது, எல்லாம் வந்து சேரும்போது முதலில் வாங்கிய தீயணைப்புச் சான்று காலாவதியாகியிருக்கும். பத்திரத் திருத்தமும் ஒப்பந்தப் பதிவும் முடிந்துவிட்டன. காலக்கெடு உள்ள சான்றுகளைக் கடைசியில்தான் வாங்கப் போகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பதிவு கிடைத்தாலும் வாசலில் கொண்டுவந்து விடும் குழந்தையை நாமாக வைத்துக்கொள்ள முடியாது. 24 மணி நேரத்துக்குள், மாவட்டத்தில் அரசு அமைத்த குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும், யார் எங்கே தங்குவது என்பதை அந்தக் குழுவே முடிவு செய்யும். சட்டம் இல்லத்தைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. வறுமை மட்டுமே காரணம் என்றால், குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் மாதம் 4,000 ரூபாய் உதவியோடு குழந்தை தாயிடமே வளர்வதுதான் நல்லது. கட்டில்களை நிரப்புவது எங்கள் இலக்கு அல்ல. காலிக் கட்டில் இருந்தால் உங்கள் பணம் வீணானதாக எண்ண வேண்டாம்.

பணத்தைக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ அறக்கட்டளைக் கணக்குக்கே அனுப்புங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கே அந்தச் சலுகை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் இப்போதைக்கு வாங்க இயலாது, நமக்கு வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இல்லை. பழைய துணிகள் வேண்டாம். பிறந்தநாள் சாப்பாடு போட்டுக் குழந்தைகளோடு படம் எடுக்கவும் அனுமதி தர மாட்டோம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. கட்டுமானத்தைப் பார்க்க விரும்புவோர் கழிவறை வேலை நடக்கும் இந்த மாதங்களிலேயே வந்து பாருங்கள். கொத்தனார் கூலி, சிமெண்ட் ரசீது உள்பட வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு மாதமும் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும்.

இவண்,
இல்லப் பதிவுக் குழு