அம்மிணிக்கு: ராப்பையும் தொடுகறியையும் பற்றி

பல்லடம்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. மற்றபடி தெம்பாக இருக்கிறார். கொட்டகையில் புதுக் குஞ்சு இறங்கியிருக்கிறது. விளக்குச் சூடு சரியாக இருக்கிறதா என்று இரவில் எழுந்து எழுந்து பார்க்க வேண்டியிருப்பதால் தூக்கம் துண்டு துண்டாகத்தான். அந்த விழிப்பு நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வேலை முடிந்து வரும் வழியில் சிக்கன் ராப் (மெல்லிய ரொட்டியில் கோழிக்கறியை வைத்துச் சுருட்டியது) ஒன்று வாங்கிக் காரிலேயே சாப்பிட்டுவிடுகிறேன், பெரும்பாலான நாள் அதுதான் இராச்சாப்பாடு என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. சோறு தின்னாமல் பிள்ளை எப்படித் தெம்பாக இருப்பாள் என்பது அவள் கவலை. என் கவலை வேறு. என் பெண் நாளும் சாப்பிடுவது இன்னது என்று எனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. அதனால் உன் அம்மாவையும் மாமன் மகனையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய், அவிநாசி சாலையிலும் மால்களிலும் இருக்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். ராப், ரோல் என்று பெயர் போட்டதை எல்லாம் வாங்கினோம். அதோடு பக்கத்தில் வைத்துத் தருவதையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துத்தான் சாப்பிட்டேன்.

முதலில் கோழி. நாற்பது நாளில் இரண்டு கிலோ எடை எப்படி வரும், ஊசி போட்டுத்தானே வளர்க்கிறீர்கள் என்று நம் சொந்தக்காரர்களே என் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார்கள். குஞ்சு இறங்குவதிலிருந்து லாரி வந்து பிடித்துப் போகும்வரை கூடவே கிடப்பவன் நான். நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. வளர்ச்சிக்கென்று ஊசியும் இல்லை, ஹார்மோனும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம், மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கணக்காகச் சேர்ந்த தீவனம், குஞ்சில் சூடு, வளர்ந்தபின் காற்றோட்டம், கீழே படுக்கையாகக் காய்ந்த தேங்காய் நார்த்தூள். இதற்குமேல் இதில் இரகசியம் கிடையாது. நம் பக்கம் பரவலாக வளர்க்கும் வென்காப் இனத்துக்கே மூலம் அமெரிக்காவின் காப் இனம்தான். நீ இருக்கும் அமெரிக்காவில் கோழிக்கு ஹார்மோன் கொடுக்கச் சட்டமே இடம் தரவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டியது ஆண்டிபயாடிக் விஷயத்தைத்தான். உங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த சிக்-ஃபில்-ஏ என்ற கோழிக்கடை நிறுவனம், ஆண்டிபயாடிக் அறவே இல்லாத கோழி என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தது; 2024-ல் அதைத் தளர்த்தி, மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆண்டிபயாடிக்குகள் மட்டும் இல்லை என்று மாற்றிக்கொண்டது. வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மாற்றியதை நான் மதிக்கிறேன். ஆனாலும் பழைய வாக்குதான் பெரிய வாக்கு.

இன்னொன்று, நீ இருக்கும் அட்லாண்டாவிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரத் தொலைவில் கெயின்ஸ்வில் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தீவன வியாபாரம் செய்துவந்த ஜெஸ்ஸி ஜூவல் என்பவர் 1930-களில், கையில் காசில்லாத விவசாயிகளுக்குக் குஞ்சையும் தீவனத்தையும் கடனாகக் கொடுத்து, வளர்ந்த கோழியைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்கினார். உடுமலைப் பக்கம் தொடங்கி 1990-களில் நம் பகுதி முழுக்கப் பரவிய கம்பெனி வளர்ப்பும் அதே வழிதான். குஞ்சு, தீவனம், மருந்து அவர்களுடையது. கொட்டகை, கரண்ட், தண்ணீர், உடம்புப் பாடு நம்முடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. மழை பொய்த்துக் கிணறு வற்றிய வருடங்களில் நம் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அந்தக் கூலி. உன் கல்லூரிக் கட்டணமும் அதில்தான் கட்டினேன். கெயின்ஸ்வில்காரர்கள் 1961-ல், பொரித்த கோழியைக் கையால்தான் சாப்பிட வேண்டும், முள்கரண்டியால் சாப்பிடுவது குற்றம் என்று ஊர்ச் சட்டமே போட்டார்களாம். ஊருக்கு விளம்பரம் தேடிச் செய்ததுதான் அது. இருந்தாலும் தங்கள் தொழில்மேல் எத்தனை பெருமை இருந்தால் அப்படித் தோன்றும்! அங்கே கோழித் தொழிலுக்கென்று ஒரு பூங்காவும், தூணின் மேல் ஒரு சேவல் சிலையும் இருக்கின்றன. ஒரு விடுமுறை நாளில் போய்ப் படம் எடுத்து அனுப்பு.

இந்தக் கடைகள்மேல் எனக்கு வன்மம் இருக்கிறது என்று எண்ணாதே. 1995-ல் பெங்களூரில் கேஎஃப்சி கடை திறந்தபோது கர்நாடக விவசாயிகள் கொதித்தார்கள். 1996 ஜனவரியில் ரைத சங்கம் என்ற விவசாயிகள் அமைப்பினர் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அயல்நாட்டுக் கடைகள் வந்தால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அவர்கள் அஞ்சியதற்கு நியாயம் உண்டு. ஆனால் கோழி வளர்த்துப் பிழைப்பவன், அதைப் பொரித்து விற்பவனை எதிரியாக வைத்துக்கொள்ள முடியாது.

இனி ராப். இதில் கோழியைவிட ரொட்டிதான் முக்கியம் என்பது என் முடிவு. ஒரு கடையில் கொடுத்ததைப் பிரித்தேன். காகிதத்தின் உட்புறம் ஆவி முத்து முத்தாகக் கோத்திருந்தது; ரொட்டியின் அடிப்பக்கம் அந்த ஈரத்தில் ஊறி விரலில் ஒட்டியது. மொறுமொறு என்று பொரித்த கோழித்துண்டு, பொட்டலத்துக்குள் இருந்த நேரத்திலேயே மேல்தோல் நமத்து, தொட்டால் உரிந்து வந்தது. மேல்பாதியில் லெட்டூஸ் மட்டும். சாஸ் முழுவதும் கீழே இறங்கி, மடிப்பு விழுந்த இடத்தில் குளமாகத் தேங்கி நின்றது. கடைசிக் கடியில் இரண்டு மடிப்பு மாவும் அந்தச் சாஸும்தான், கோழி இல்லை. அம்மா அதை அப்படியே வைத்துவிட்டாள்.

வேறொரு கடையில் நன்றாக இருந்தது. அங்கே என்ன வேறுபாடு என்று நின்று கவனித்தேன். ரொட்டியை முதலில் கல்லில் போட்டு இருபுறமும் பழுப்புப் புள்ளி விழும்வரை வாட்டினார்கள். சாஸைக் கோழியின்மேல் ஊற்றாமல் ரொட்டியில் மெல்லப் பூசினார்கள். கோழியைக் குறுக்கே அடுக்காமல் நீளவாக்கில் வைத்ததால் ஒவ்வொரு கடிக்கும் கறி கிடைத்தது. பிறகு அடியை மடித்து, பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல இறுக்கமாகவும் நசுங்காமலும் சுருட்டினார்கள். காகிதத்தின் மேல்வாயைத் திறந்தே விட்டார்கள். ஆவி வெளியே போய்விட்டது. நீயும் வாங்கியவுடன் மேல்காகிதத்தைக் கிழித்துவிட்டு வை. வீடு வந்து பிரித்துக்கொள்ளலாம் என்று பைக்குள் மூடி வைத்தால் பொரித்தது பொரித்ததாக இருக்காது.

மெக்டொனால்ட்ஸ் ஸ்நாக் ராப் திரும்ப வந்துவிட்டது என்று போனில் குதித்தாயே, அதைப் பற்றியும் தேடிப் படித்தேன். 2006-ல் அறிமுகப்படுத்தி, 2016-லிருந்து பெரும்பாலான கடைகளில் நிறுத்தி, மக்கள் கேட்டுக் கேட்டு 2025 ஜூலை 10 அன்று மறுபடியும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு துண்டு பொரித்த கோழி, துருவிய சீஸ், லெட்டூஸ், ரான்ச் என்ற வெள்ளைச் சாஸ் அல்லது காரச் சாஸ், இவற்றைச் சுற்ற டார்ட்டியா என்ற மெல்லிய கோதுமை ரொட்டி. அளவு சிறியது. எனக்கு அதில் பிடித்ததே அந்த அளவுதான். ஆனால் பசியோடு வருகிறவளுக்கு அது ஒன்று போதாது. அப்போதுதான் பக்கத்தில் என்ன வாங்குகிறாய் என்ற கேள்வி வருகிறது. நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நம் வீட்டில் தொடுகறியைப் பார்த்துத்தான் சோற்றின் அளவு முடிவாகும். அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தயிரும் அப்பளமும், பிரியாணிக்கு வெங்காயப் பச்சடி என்று எதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. எண்ணெய்ப் பண்டத்துக்குப் பக்கத்தில் புளிப்பும் பச்சையும் வேண்டும். இந்தக் கடைகளில் எண்ணெய்ப் பண்டத்துக்குத் துணையாக இன்னோர் எண்ணெய்ப் பண்டத்தையே நீட்டுகிறார்கள். கோழியும் பொரித்தது, பக்கத்தில் உருளைக்கிழங்கும் பொரித்தது, அதைத் தொட்டுக்கொள்ள மயோனைஸ்.

பொரித்த உருளைக்கிழங்கு ருசிதான், மறுக்கவில்லை. அதற்கென்று நீளமான, மாவுச்சத்து மிகுந்த வகைகளையே பயிர் செய்கிறார்கள். இங்கே குஜராத்தில் அந்தச் சாகுபடி பெரிய அளவில் நடக்கிறது. சர்க்கரை ஏறிய கிழங்கு எண்ணெயில் கறுத்துப்போகும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் ஊட்டிக் கிழங்கு வேறு. அது மசாலாவுக்கும் பொரியலுக்கும் உரியது. கடைக்காரர் உழைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சூடு ஆறினால் அந்தக் கிழங்கில் உப்பைத் தவிர எதுவும் மிஞ்சுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. ராப்பிலும் சாஸிலும் கிழங்கிலும் சேர்ந்து ஒரே வேளையில் எவ்வளவு உள்ளே போகிறது என்று அந்தக் கடைகளின் பட்டியலில் சோடியம் என்று போட்டிருக்கும் இடத்தில் பார். உன் அப்பாருக்கு இரத்தக்கொதிப்பு இருந்தது உனக்குத் தெரியும். எனக்கும் மாத்திரை தொடங்கியாயிற்று.

கோல்ஸ்லா கிடைத்தால் அதை வாங்கு. பொடியாய் நறுக்கிய முட்டைக்கோசும் கேரட்டும், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. மயோனைஸ் கூடுதலாக இருந்தால் வடித்துவிட்டுச் சாப்பிடலாம். இங்கே நான் சாப்பிட்டதில் கோழிக்கு ஈடாக நின்ற ஒரே துணை அதுதான். பாப்பாய்ஸ் என்ற கோழிக்கடையில் சிவப்பு பீன்ஸும் சோறும் கிடைக்கும் என்றாயே, அது அங்கே லூசியானா மாநிலத்து வீடுகளில் திங்கட்கிழமைதோறும் வைக்கிற பழைய சமையல். ஞாயிற்றுக்கிழமை இறைச்சியில் மிஞ்சிய எலும்பைப் போட்டுப் பயற்றை மெதுவாக வேகவிடுவார்கள். பயறும் சோறும் சேர்ந்தால் அது முழுச் சாப்பாடு. உன் அம்மாவுக்கு இதைச் சொன்னதும் முகம் தெளிந்தது. ஒன்று மட்டும், அந்தச் சமையலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். உனக்கு வேண்டாம் என்றால் கேட்டுவிட்டு வாங்கு. மசித்த கிழங்கு, மக்கரோனி சீஸ், பிஸ்கெட் என்று அங்கே சொல்லும் வெண்ணெய் ரொட்டி மூன்றும் வயிற்றை அடைக்கும். ஆசைக்கு எப்போதாவது போதும். சோளக்கதிர் இருந்தால் தயங்காதே.

சுவையைப் பற்றி உன் அம்மாவின் தீர்ப்பையும் சொல்ல வேண்டும். கறி மிருதுவாக இருக்கிறது, காரம் நாக்கின் நுனியில் மட்டும் நிற்கிறது, உள்ளே இறங்கவில்லை என்றாள். சரியாகச் சொன்னாள். மாவில் இருக்கும் காரம் மேலோடு நின்றுவிடுகிறது. பள்ளிபாளையம் சிக்கனில் பொடி மசாலா எதுவும் கிடையாது. விதை தட்டிய வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும்தான். ஆனால் கறி வேகும்போதே அந்தக் காரம் உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

அதையே ராப்பாகச் செய்து பார்த்தோம். உன் அம்மா சொன்னபடி எழுதுகிறேன். எலும்பில்லாத தொடைக்கறியை விரல் நீளத்துக்கு நறுக்கி, மஞ்சள், உப்பு, கொஞ்சம் தயிர் சேர்த்துப் பிசைந்து வை. காலையில் பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனால் இரவு வந்ததும் வேலை சுருக்கமாக முடியும். நல்லெண்ணெய் இரண்டு கரண்டி, கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் கை நிறைய. வெங்காயம் வதங்கியதும் கறியைப் போட்டு, தண்ணீர் ஊற்றாமல், தன் நீரிலேயே வேகவிடு. நீர் சுண்டி எண்ணெய் பிரியும்போது தேங்காய்ச் சில்லைப் போட்டு இரண்டு புரட்டு. முட்டைக்கோசைச் சீவி உப்பும் எலுமிச்சையும் போட்டு அழுத்திப் பிசைந்து நீரைப் பிழிந்து வை. கடை டார்ட்டியாவைத் தோசைக்கல்லில் வாட்டி, கெட்டித் தயிர் பூசி, கோசு, அதன்மேல் கறி. ஈரம் ரொட்டியில் நேராகப் படாதபடி கோசு தாங்கிக்கொள்ளும். ஆத்தா பல்லுக்கு ஏற்றபடி துண்டாக நறுக்கிக் கொடுத்தோம். இன்னொன்று கேட்டு வாங்கினார்.

வாரத்தில் இரண்டு இரவாவது இதைச் செய்துகொள்வாய் என்று அம்மா எதிர்பார்க்கிறாள். மற்ற நாட்களில் வாங்கிக்கொள், நான் தடுக்கவில்லை. காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடு. ஓட்டிக்கொண்டே ஒரு கையில் பிடித்துச் சாப்பிடுகிறேன் என்றாய். அதைக் கேட்ட இடத்திலேயே எனக்குக் கை காலெல்லாம் பதறியது.

சித்தப்பா மகன் அடுத்த மாதம் அங்கே வருகிறான். வரமிளகாய், கொள்ளுப்பொடி, காய்ந்த கறிவேப்பிலை கொடுத்தனுப்புகிறோம். வேறு ஏதாவது வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். அந்தச் சிவப்பு பீன்ஸ் எப்படி இருந்தது என்றும் எழுது. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா